தாழ்வாகக் கட்டிய கம்பி

ஜூன் 5, புதன்

தாவரவியல் கையேட்டில் மூன்றாம் பாடம் திருத்தி முடித்தேன். வேரின் குறுக்குவெட்டுப் படத்தைத் தலைகீழாக அச்சடித்திருக்கிறார்கள். பதிப்பகத்துக்குப் போன் செய்து சொன்னேன்.

மதியம் கரூரிலிருந்து அண்ணன் மனைவி வசந்தாமணி நங்கை கூப்பிட்டார். அண்ணன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எப்போதாவது கூப்பிடுவார். மாதுளை காய்த்திருக்கிறது, பையனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஏதாவது சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இன்று அப்படி இல்லை. அண்ணனுக்குப் பல மாதமாகத் தொண்டைக்கட்டு விடவில்லையாம். சோதித்துப் பார்த்ததில் குரல்வளையில் புற்று. பரவவில்லை, எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். ஆனால் குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும். அதன் பிறகு பேச்சு இருக்காது. இந்த மாதக் கடைசியில் சென்னையில் ஆபரேஷன்.

"அவரு பாட்டுக்கு ரேடியோ முன்னால உக்காந்து பேசிக்கிட்டே இருக்கறாரு, பூங்கோதை. இருக்கற வரைக்கும் பேசித் தீத்தறலாம்னு நெனைக்கறாரோ என்னமோ."

நான் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். யாரும் வரக்கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். யாரும் என்றால் யார் என்று நங்கை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ராத்திரிக்கு அரிசிம்பருப்பு சாதம். உப்பு அதிகம்.

ஜூன் 6, வியாழன்

சிற்றலை ரேடியோ ஒன்று வாங்கலாம் என்று என் கணவர் தியாகுவிடம் சொன்னேன்.

அண்ணன் அமெச்சூர் ரேடியோக்காரர். தேர்வு எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே மற்ற ஊர்க்காரர்களோடு பேசுகிறவர். ஞாயிறு காலை தமிழ்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதற்கு நெட் என்று பெயர். ஒருவர் ஊர் ஊராகக் கூப்பிட, ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பேசுவதற்குத்தான் உரிமம் வேண்டும், எனக்கு அது இல்லை. கேட்பதற்கு ஒரு ரேடியோவும் ஒரு கம்பியும் போதும்.

எனக்கு ரொம்ப நாளாகவே சிற்றலை கேட்க ஆசை என்றும் சொன்னேன்.

தியாகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். "போன் பண்ணுனா எடுக்காதவரு. அதனால போன் பண்ணாமயே கேக்கலாங்கற."

ராத்திரிக்குள் அவரே ஆர்டர் போட்டுவிட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

ரேடியோ நேற்று வந்தது. இன்று காலை சமையலறை மேடையில் வைத்து, கூடவே வந்த குச்சி ஆண்டெனாவை இழுத்துவிட்டுத் திருப்பினேன். கேட்டதெல்லாம் எங்கள் வீடுதான். ஃபிரிட்ஜ் ஒரு மாதிரி உறுமியது, எல்இடி பல்பு ஒரு மாதிரி கீச்சிட்டது. எதிர்வீட்டு இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் மேல். மெயினை அணைத்துப் பார்த்தேன். கொஞ்சம் அமைதியானது. ஆனால் மனிதர் யாரும் இல்லை.

மொட்டைமாடியில் கம்பி கட்டினால்தான் ஆகும்.

அப்பா இறந்தபோது உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தேன். அது அப்பாவின் விருப்பம், எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. பெற்றவனுக்குக் கொள்ளி வைக்காத மகன் என்று என்னை ஆக்காதே என்றார். உறவு முழுக்க அவர் பக்கம் நின்றது. நான் கல்லூரி வண்டியை வரச் சொன்னேன். அண்ணன் செருப்பைக்கூடப் போடாமல் வாசலை விட்டு இறங்கிப் போனார். ஒன்பது வருடமாகிறது. அப்பா சொன்னதைத்தான் செய்தேன், இன்று நடந்தாலும் அதையே செய்வேன்.

இதை எழுத உட்காரவில்லை. ஆண்டெனாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

மின்சாமான் கடையில் செப்பு ஒயர் ஒரு சுருள், டிவிக்குப் போடுகிற கேபிள் கொஞ்சம், நீளமான பிவிசி குழாய் இரண்டு. சாயங்காலம் நானும் தியாகுவும் தண்ணீர்த் தொட்டியோடு குழாயைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் இன்னொன்றைச் செருகி, உச்சியிலிருந்து ஒயரை நேராகக் கீழே இறக்கினோம். உயரம் போதாது போதாது என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன். காற்றடித்தால் ஆடுகிறது.

துணி எடுக்க வந்த இரண்டாம் வீட்டு கோமளா அக்கா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். இது என்ன, இடியை இழுத்துவிடவா என்று கேட்டார். மழை வந்தால் கழற்றிவிடுவோம் என்றேன். "கழட்டறதுக்கு மேல ஏறும்போது விழுந்துக்கிழுந்து வெக்காதீங்க. குடியிருப்புச் சங்கத்துல நாந்தான் பொருளாளரு, மாலையும் நாந்தான் வாங்கோணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஜூன் 12, புதன்

சீனா கேட்டது. அரபு மொழியில் யாரோ ஓதுவது கேட்டது. யாரோ ஒரு ரஷ்யாக்காரர் பக்கத்து அறையில் இருப்பது போல இருமினார். அமெச்சூர்காரர்களின் குரல் முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாத்து பேசுவது போல வருகிறது. குமிழை மயிரிழை திருப்பினால் வாத்து சட்டென்று மனிதராகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் ஒருவர் தன் முழங்கால் வலியைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு தூரம் கேட்கிறதே, கரூர் எம்மாத்திரம் என்று தியாகு சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் மாடியிலேயே உட்கார்ந்தேன். நெட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். ஊர்களைக் கூப்பிடுகிறவர் திருச்சிக்காரர், அந்தோணிராஜ் என்று பெயர். குரல் மெலிதாக, வந்து வந்து போனது. ஒடிசாவில் வேலை பார்க்கிற ஒரு தமிழர் அவரைவிட நன்றாகக் கேட்டார். அந்தமானிலிருந்து ஒருவர் கணீரென்று வந்தார்.

பிறகு அந்தோணிராஜ், "கரூர், வாங்க, ஓவர்" என்றார்.

அதன் பிறகு இரைச்சல். வெறும் இரைச்சல். காதை ரேடியோவோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். நீண்ட நேரம் கழித்து அந்தோணிராஜ் சிரித்தார். "சரியாச் சொன்னீங்க கரூர். நல்லா வருது உங்க சிக்னல். உடம்பப் பாத்துக்கங்க."

அண்ணன் பேசியிருக்கிறார். ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அவர் பேசிய நேரம் முழுவதும் என் காதில் இரைச்சலாக இருந்தது.

முழங்கால் வலிக்கிற ஆஸ்திரேலியர் கேட்கிறார். கரூர் கேட்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

நெட் முடியும்போது, கேட்கிறவர்கள் சிக்னல் எப்படி இருந்தது என்று தெரிவிக்கலாம் என்று அந்தோணிராஜ் தன் போன் எண்ணைச் சொல்லியிருந்தார். இன்று கூப்பிட்டேன். கோயமுத்தூரிலிருந்து ஒரு நேயர் என்றேன். வானொலி நிலையத்துக்குப் போன் செய்வது போல அப்படிச் சொன்னது எனக்கே சிரிப்பாக இருந்தது. அவர் மகிழ்ந்துபோனார். பெண்கள் யாரும் கூப்பிட்டதில்லையாம். யார் யார் எப்படிக் கேட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். பிறகு கரூர் மட்டும் ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

சேலம் கேட்டுச்சா என்றார். இல்லை. மதுரை? இல்லை. "அப்ப கரூர் மட்டும் இல்லையே மேடம்" என்றார்.

சேலத்தையும் மதுரையையும் கூப்பிட்டதை நான் கவனிக்கவே இல்லை.

கரூர்க்காரருக்கு ஆண்டெனா விஷயம் அத்துபடி என்றும், தினமும் காலையில் அவரோடு பேசுவதாகவும், அவரையே கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

ஜூன் 19, புதன்

கையேடு ஐந்தாம் பாடம். வேறொன்றும் இல்லை.

ஜூன் 20, வியாழன்

நங்கை கூப்பிட்டார். தேதியை முன்னால் தள்ளிவிட்டார்களாம். வரும் திங்கட்கிழமை அட்மிஷன். அப்படியென்றால் மிச்சம் ஒரு ஞாயிறுதான்.

வைக்கப் போகும்போது, "நேத்து காலைல திருச்சிக்காரரு ரேடியோவுல என்னமோ கேட்டாரு. இவரு மைக்கக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தாரு. மேலுக்கு முடியலையோன்னு பயந்து போயிட்டேன்" என்றார்.

என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

அந்தோணிராஜ் கூப்பிட்டார். கரூர்க்காரர் சொன்னதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு வாசிப்பவர் போல, ஒரு சொல் விடாமல் சொன்னார். ஒருவருக்குக் கேட்காததை நடுவில் இருப்பவர் வாங்கிக் கடத்துவது அவர்கள் வழக்கமாம், அதில் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாதாம்.

"கம்பிய நட்டுக்க நிறுத்துனா தூரத்துக்காரன்தான் கேப்பான். பக்கத்துல இருக்கறவங்க பேசறது நம்ம தலைக்கு மேல போய், மேல இருந்து எறங்கி வருது. அதப் புடிக்கோணும்னா கம்பியப் படுக்க வெச்சுத் தாழ்வாக் கட்டோணும். நடுவுல கேபிளச் சேத்து, ரெண்டு பக்கமும் சமமா இழுத்துக் கட்டச் சொல்லுங்க. தெக்கால கரண்டுக் கம்பி போகுதில்ல, அதுக்குக் குறுக்காப் போகட்டும். அது கூடவே போனா இரைச்சலா இருக்கும்."

யார் என்று கேட்டாரா என்று விசாரித்தேன். கேட்கவில்லை என்றார்.

எங்கள் குடியிருப்பின் தெற்கே மின்கம்பி போவது உண்மைதான். நான் அந்தோணிராஜிடம் அதைச் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒயரிங் எல்லாம் அண்ணன்தான் நின்று பார்த்துக் கொடுத்தார். ஆனால் அதை எங்கே அவர் நினைவு வைத்திருக்கப் போகிறார். மின்கம்பி எல்லா வீட்டுக்கும் ஏதாவது ஒரு பக்கம் போகத்தான் செய்யும்.

ஜூன் 22, சனி

குழாய்களை இறக்கினோம். ஒயரை இரண்டாக வெட்டி, நடுவில் டிவி கேபிளை முறுக்கிச் சேர்த்து, ஒரு முனையைப் படிக்கட்டு அறையின் கொக்கியிலும் மறு முனையை எதிர்க் கைப்பிடிச் சுவரில் நட்ட குழாயிலும் கட்டினோம். தெற்கு மின்கம்பிக்குக் குறுக்காக. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. பார்க்க ஒன்றுமே இல்லை. முதலில் கட்டியது கொடிமரம் போல இருந்தது, இது வெறும் துணிக்கொடி போல இருக்கிறது.

ரேடியோவை வைத்துப் பார்த்தேன். ரஷ்யாக்காரர் போய்விட்டார். யாரோ இருவர் தமிழில் வெங்காய விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், தெருவில் நின்று பேசுவது போல அவ்வளவு தெளிவாக.

ஜூன் 23, ஞாயிறு

நெட் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ரேடியோவோடு மாடிக்குப் போனேன். கம்பியில் இரண்டு ஈரப் போர்வை, ஒரு சேலை, கோமளா அக்கா வீட்டுக்காரரின் வேட்டி. பாரத்தில் கம்பி தொய்ந்து, நடுவில் முறுக்கிய இடம் பிய்ந்து கேபிள் தரையில் கிடந்தது.

நான் கூப்பிட்ட சத்தத்தில் அக்கா மாவுக் கையோடு ஓடிவந்தார். தியாகுவும் வந்தார். "நமக்குத்தான் புதுக்கொடி கட்டிக் குடுத்திருக்கீங்கன்னு சந்தோசப்பட்டேன்" என்றார் அக்கா. யாரும் சிரிக்காததைப் பார்த்ததும் மளமளவென்று துணிகளை உருவினார். தியாகு ஸ்டூல் மேல் ஏறி ஒயர் முனைகளை மறுபடி முறுக்கினார். முறுக்கு நிற்கவில்லை. அக்கா தன் நைட்டித் தோளில் மாட்டியிருந்த துணி கிளிப் இரண்டை எடுத்து நீட்டினார். அதை வைத்துத்தான் இறுக்கினோம்.

அதற்குள் நெட் தொடங்கிவிட்டது. அந்தோணிராஜ் இப்போது உரத்துக் கேட்டார். சேலம் கேட்டது, மதுரை கேட்டது. பிறகு, "கரூர், வாங்க."

முதலில் வாத்துதான் வந்தது. குமிழைத் தொட்டேன்.

"கரூருங்க. குரல் கரகரன்னுதான் இருக்கும். ரேடியோவத் திருகாதீங்க, ரேடியோ மேல தப்பில்ல."

அண்ணன்தான். கரகரப்புக்கு அடியில் அதே குரல், ஒவ்வொரு சொல்லையும் முடித்த பிறகு ஒரு நொடி நின்று போகிற அதே பேச்சு. நான் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

நாளை ஆஸ்பத்திரியில் சேர்வதாகவும், அதன் பிறகு பேச்சு இருக்காது என்று சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார். "என்ற வூட்டுக்காரிக்கு இனி நிம்மதி. பதிலுக்குப் பதில் பேச ஆளில்ல." கரூரில் நேற்று தூறல் விழுந்ததையும், மாதுளையில் அணில் தொல்லையையும் பற்றிச் சொன்னார். பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சும்மா கிடக்கிறது, வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

பிறகு நின்றார். முடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"கோயமுத்தூர்ல கேட்டுக்கிட்டிருக்கறவங்களுக்கு. கம்பியத் தாழ்த்துனீங்களான்னு தெரியல. தாழ்த்தியிருந்தீங்கன்னா மழைக்காலத்துல கேபிள் முனைய மெழுகு வெச்சு அடைச்சிருங்க, தண்ணி எறங்கீரும். அவ்வளவுதானுங்க. எல்லாருக்கும் வணக்கம். கரூர்."

மைக்கின் பொத்தானை விடும் சத்தம். அந்தோணிராஜ் அடுத்த ஊரைக் கூப்பிடக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கோமளா அக்கா போர்வைகளைத் தோளில் போட்டபடி படிக்கட்டருகே நின்றுகொண்டே இருந்திருக்கிறார். யாருங்க அது என்று கேட்டார். என்ற அண்ணன் என்றேன். போர்வைகளைத் தோளில் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

ஜூன் 27, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக என்று நங்கை சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். நான் சென்னைக்கு வரட்டுமா என்று மறுபடி கேட்டேன். "அவரே சொல்லட்டும் பூங்கோதை" என்றவர், எப்படிச் சொல்வார் என்று யோசித்தவர் போலச் சற்று நின்று, அழுதார்.

ஜூலை 1, திங்கள்

மழை. கேபிள் முனையில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

நெட் கேட்டேன். அந்தோணிராஜ் பழக்கத்தில் "கரூர், வாங்க" என்றுவிட்டார். பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும். உடனே அடுத்த ஊருக்குப் போகவில்லை. கரூர் பேசுவதற்கு ஆகிற நேரம் அளவுக்கு விட்டுவிட்டு, அப்புறம் சேலத்தைக் கூப்பிட்டார்.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று நங்கை நேற்று சொன்னார். சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாராம். பாதி நேரம் எழுதவும் மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாராம்.

ஜூலை 28, ஞாயிறு

இன்றும் அந்தோணிராஜ் கரூரைக் கூப்பிட்டார். இன்றும் நேரம் விட்டார். இப்போது தெரிந்தேதான் செய்கிறார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கையேடு முடிந்தது. அடுத்து விலங்கியல். தியாகு கரூருக்குப் போய்விட்டு வரலாமா என்றார். போய் என்ன செய்வது, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்றேன். "ஆமா" என்றார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

"கரூர், வாங்க" என்று வழக்கம் போல அந்தோணிராஜ் நேரம் விட்டார். இரைச்சலுக்கு நடுவில் பீப் என்று ஒரு சத்தம். ரேடியோவில் கோளாறோ என்று தட்டினேன். மறுபடியும் வந்தது, குட்டையும் நீளமுமாக. தந்தி அடிப்பது போல. பழைய அமெச்சூர்காரர்கள் இன்னும் அந்த மோர்ஸ் தந்தியை வைத்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். போனை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினேன். ஆரம்பம் கொஞ்சம் போயிருக்கும்.

மெதுவாக வந்தது. ஓர் எழுத்து முடிந்து ஒரு கணம் நின்று அடுத்தது. பேச்சில் நிற்பாரே, அதே அளவு.

நின்ற பிறகு அந்தோணிராஜின் குரல் சரியாக இல்லை. "கரூர், வந்துட்டீங்க. எல்லா ஸ்டேஷனும் வாங்கியிருப்பீங்க. இது நமக்கில்ல, அதனால நான் வாசிக்கப் போறதில்ல. வாசிக்க வேண்டியவங்க வாசிச்சுக்குவாங்க" என்றார்.

எனக்கு மோர்ஸ் தெரியாது. இணையத்திலிருந்து அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, பதிவை ஒரு பீப்புக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். புள்ளி, கோடு, புள்ளி. ஆங்கில எழுத்தில் தமிழாக வந்தது. இரண்டு இடத்தில் தப்பாக எடுத்து, அர்த்தமில்லாமல் ஏதோ வந்து, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். குக்கர் விசில் போட்டுக்கொண்டே இருந்தது. தியாகு வந்து அணைத்துவிட்டுப் போனார்.

மதியத்துக்குள் முடிந்தது. பதிவில் இருந்தது இவ்வளவுதான். கோயமுத்தூர், கேக்குதா அம்மிணி.

சின்ன வயதில் அண்ணன் என்னைக் கூப்பிட்டது அப்படித்தான். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

எனக்கு உரிமம் இல்லை, ரேடியோவில் பதில் சொல்ல முடியாது. அண்ணன் எண்ணுக்கு அழைத்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை அடித்து அடித்து நின்றுபோன எண். இன்று எடுத்தார். எடுத்தார் என்பது, மணி அடிப்பது நின்று, மின்விசிறிச் சத்தமும் சன்னமாக மூச்சுக் காற்றின் சத்தமும் வந்ததால் தெரிந்தது.

"கேக்குதுங்கண்ணா" என்றேன்.

ஒன்றும் இல்லை. இருக்காதுதான். ஆனாலும் காத்திருந்தேன், நான் பேசினால்தான் உண்டு என்று விளங்கும் வரை.

"ஆமான்னா ஒரு தட்டுத் தட்டுங்க. இல்லைன்னா ரெண்டு. சரிங்களா?"

விரல் நகத்தால் தட்டும் சத்தம். ஒன்று.

சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன். ஒன்று. வலி இருக்கிறதா என்றேன். இரண்டு. கொஞ்சம் கழித்து, ஒன்று. நங்கை பக்கத்தில் இருக்கிறாரா என்றேன். இரண்டு.

அதற்குப் பிறகு என்ன கேட்பது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பது பொய். நெஞ்சில் இருந்தது ஒன்றுதான்.

"அப்பா விசயத்துல, என்ற மேல இன்னும் கோவமுங்களா?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் ரொம்ப நேரம். பிறகு தட்டினார். ஒன்று. தெளிவாக, அழுத்தி.

"சரிங்கண்ணா. இருக்கட்டும். நானும் செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன்."

அதற்கு ஒன்றும் தட்டவில்லை. இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. அறை வாசலில் தியாகு நின்றுகொண்டிருந்தார். நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"நாளைக்கும் கூப்புடட்டு..."

நான் முடிப்பதற்குள் தட்டிவிட்டார். ஒன்று.